பம்புசெட்டு மெயின் பிரேக்கரில் கம்பிச் சேதம்: கண்டறியும் முறையும் செய்யத் தக்கதும் தகாததும்

தர்மபுரி ஜில்லாவில் அரூருக்கு அப்பால் உயர்ந்து நிற்கும் சித்தேரி மலையில், சிறு சிறு ஊர்களாகப் பரவி வாழும் மலையாளிக் குடிகள் நெடுங்காலமாகச் சாமை, தினை, கேழ்வரகு முதலிய மானாவாரிப் பயிர்களையே நம்பி வந்தவர்கள். மலையிலும், வள்ளிமதுரை வரட்டாறு அணையை அடுத்த அடிவாரக் கிராமங்களிலும், கிணறும் ஆழ்குழாயும் உள்ளவிடத்தில் இப்போது நெல், மரவள்ளி, காய்கறி ஆகியவை இறைப்புப் பாசனத்தில் நடைபெறுகின்றன. இவ்விறைப்புக்கு ஆதாரம் மின்சார மோட்டார் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அந்த மோட்டாருக்கு மின்சாரம் நுழையும் வாயிலாகிய மெயின் பிரேக்கரின் நிலையை வருஷத்தில் ஒரு தடவையாவது கவனித்துப் பார்க்கும் குடியானவர் மிகச் சிலரே. மோட்டார் எரிந்த பின்பு காயில் கட்டும் கடைக்கு அதைச் சுமந்து செல்லுகிறார்கள். கட்டி வந்து பூட்டுகிறார்கள். மறு மாதமே மீண்டும் எரிகிறது. குற்றம் மோட்டாரில் இல்லை, சுவரில் உள்ள பெட்டியில் இருக்கிறது என்பது அப்போதும் தெரிவதில்லை.

கவலை இறைத்த காலத்தில் இவ்வித மயக்கம் இல்லை. சால் கிழிந்தால் நீர் ஒழுகும். வடம் நைந்தால் கைக்கே தெரியும். மாடு நொண்டினால் கண்ணுக்குத் தெரியும். மின்சாரக் கம்பியோ மேற்பார்வைக்கு நன்றாகவே இருந்து, உள்ளே வெந்துகொண்டிருக்கும். சென்னை மாகாணத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும் மேட்டூர் மின் நிலையம் 1937-இலும் வேலை தொடங்கிய பின், கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களின் கிணறுகளுக்கு மோட்டார்கள் வரலாயின. தர்மபுரி அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1965-இல்தான் தனி ஜில்லா ஆயிற்று. சிறு விவசாயிகளுக்கு 1984-லும், விவசாயிகள் அனைவருக்கும் 1990-லும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. இன்று மாநிலத்தில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. இணைப்புகள் பெருகிய அளவுக்கு, அவற்றைப் பேணும் அறிவு கிராமங்களில் பெருகவில்லை என்பதே உண்மை.

மின்சாரம் வரும் வழி

குற்றம் எங்கே என்று தேடுமுன் வழியை அறிய வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பத்தின் வழியே வரும் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்து, முதலில் மின்வாரியத்தாரின் பியூஸ் கட்டைகளையும், மீட்டர் உள்ள இடங்களில் மீட்டரையும் அடைகின்றன. அதற்கு அடுத்தது மெயின். பழைய கொட்டகைகளில் இது பியூஸ்கள் அடங்கிய இரும்புப் பெட்டிச் சுவிட்சாக இருக்கும். புதியவற்றில் மூன்று அல்லது நான்கு முனைப் பிரேக்கராக இருக்கும். அதன் பிறகு ஸ்டார்ட்டரும், அதிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கேபிளும்.

மெயினுக்கு முன்னுள்ள பகுதி மின்வாரியத்தாரின் பொறுப்பு. 1957-இல் ஏற்பட்ட வாரியம் 2010-லும் 2024-லும் பிரிக்கப்பட்டு, இப்போது விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் கையில் உள்ளது. எனினும் ஜனங்கள் வாக்கில் அது இன்னும் மின்வாரியமே. மெயினும் அதற்குப் பின்னுள்ளவையும் நிலத்துக்காரர் பொறுப்பு. அவற்றில் கை வைக்கத் தக்கவர், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன். பக்கத்து ஊர்ப் பையன் கெட்டிக்காரனாக இருக்கலாம்; அவன் கெட்டிக்காரத்தனம் பேஸ் கம்பிக்குத் தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தைப் பெரிய எழுத்தில் கொட்டகைச் சுவரில் எழுதி வைத்தாலும் தகும். மெயின் பிரேக்கரின் பிடியைக் கீழே இறக்கினால், அதற்குப் பின்னுள்ள கம்பிகளில்தான் மின்சாரம் நிற்கிறது. பிரேக்கருக்குள் வந்து சேரும் கம்பிகளிலும், அவை முறுக்கப்பட்டுள்ள டெர்மினல்களிலும் 400 வோல்ட் அளவில் மின்சாரம் அப்படியே இருக்கும். “மெயினை ஆப் செய்துவிட்டேன்” என்ற தைரியத்தில் மெயினையே திறந்து கை வைப்பவர், கதவை மூடிவிட்டு வாசலில் நிற்கும் பாம்பைப் பிடிப்பவர் போன்றவர். வரும் பக்கத்துக் கம்பியில் சேதம் என்று தெரிந்தால், மின்வாரிய ஊழியர் வந்து கம்பத்திலோ சர்வீஸ் பியூஸிலோ துண்டித்த பிறகே வேலை நடக்க வேண்டும். சித்தேரி போன்ற மலையூர்களில் லைன்மேன் மலையேறி வருவதற்கு அரை நாளும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். நாற்று வாடும் சமயத்தில் இது பொறுக்க முடியாத தாமதமாகத் தோன்றும். அந்த அரை நாளுக்குள்ளே விபத்துகள் உண்டாகக்கூடும்.

சேதத்தின் வேர்

மெயினில் கம்பி கெடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. எலி கடித்தல், இடி மின்னலில் ஏறும் மிகை வோல்ட், பெட்டியின் கூரிய தகட்டு விளிம்பில் கம்பி உராய்தல், கூரை ஒழுக்கு, பல்லியும் எறும்பும் புகுதல் ஆகிய யாவும் காணப்படுவன. அறுவடைக்குப் பின் சாமை மூட்டைகளை மோட்டார் கொட்டகையில் அடுக்குவோர் எலியைத் தாமே விருந்துக்கு அழைப்பவராவர். ஆயினும் இவை எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் செய்வது, லூஸ் காண்டாக்ட் என்று வயர்மேன்கள் சொல்லும் தளர்ந்த இணைப்பே. இதைச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம்.

கம்பியின் முனை டெர்மினலில் இறுகப் பற்றியிருக்கும்வரை, மின்சாரம் அகன்ற வழியில் செல்கிறது. திருகு தளர்ந்தால் உலோகமும் உலோகமும் இரண்டொரு புள்ளிகளில் மட்டும் தொட்டு நிற்கும். அகன்ற வாய்க்காலில் ஓடிய நீர் ஒரு நண்டு வளையில் புகுந்தது போல, மின்சாரம் முழுவதும் அப்புள்ளியில் நெருக்கப்படும், அவ்விடம் சூடேறும். கணக்கிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 7½ குதிரைச் சக்தி மோட்டார் முழுப் பாரத்தில் ஏறத்தாழ 11 ஆம்பியர் இழுக்கும். டெர்மினலில் அரை ஓம் தடை மாத்திரம் ஏற்பட்டதாகக் கொள்வோம். அங்கு இழக்கப்படும் வோல்ட் ஐந்தரை. மோட்டார் ஓடுவதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ஆனால் அச்சிறு திருகின் இடத்தில் 60 வாட் உஷ்ணம் ஓயாமல் உண்டாகும். பழைய 60 வாட் பல்பு ஒன்றைக் கைக்குள் மூடிப் பிடித்தால் என்ன சூடோ அது, ஒரு புளியங்கொட்டை அளவுள்ள இடத்தில். அச்சூட்டால் உலோகத்தின் மேல் களிம்பு ஏறும்; களிம்பால் தடை மிகும்; தடை 2 ஓம் ஆனால் உஷ்ணம் 240 வாட்டைத் தாண்டும். பிறகு கருகுதலும் தீயுமே.

பிரேக்கர் இருக்கும்போது இது எவ்வாறு நிகழும் என்று சிலர் கேட்பர். பிரேக்கரும் பியூஸும் ஓடும் ஆம்பியர் மிகுந்தால்தான் துண்டிக்கும். தளர்ந்த இணைப்பிலோ ஆம்பியர் மிகுவதில்லை. உஷ்ணம் மட்டுமே மிகும். ஆதலால் காவற்காரன் விழித்திருக்கவே வீடு எரியும். சில சமயம் டெர்மினலின் சூடு பிரேக்கருக்குள் இருக்கும் இரட்டை உலோகத் தகட்டுக்குப் பரவி, பாரம் சரியாக இருந்தும் பிரேக்கர் தானாக விழும். இது ஒரு நல்ல எச்சரிக்கை. ஆனால் நம்மவர் செய்வது என்ன? “பிரேக்கர் சத்தில்லாதது” என்று அதை எடுத்துவிட்டு இரு மடங்கு ஆம்பியர் உள்ளதைப் போடுகிறார்கள். அல்லது பியூஸில் மூன்று இழைக்குப் பதில் கையில் அகப்பட்ட தடிப்புக் கம்பியைச் சுற்றுகிறார்கள். எச்சரித்தவனின் வாயை அடைத்த கதைதான் இது.

இணைப்பு தளர்வதற்குச் சித்தேரிப் பகுதியில் விசேஷமான காரணங்கள் மூன்று கூறலாம். அலுமினியக் கம்பியின் உபயோகம் முதலாவது. அலுமினியம் மெத்தென்ற உலோகம். திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்லப் பிதுங்கி நகர்ந்துவிடும். இன்று இறுக முறுக்கியது ஆறு மாதத்தில் தளர்ந்திருக்கும். அன்றியும் அதன் மேல் காற்றுப் பட்டவுடனே மின்சாரம் புகாத மெல்லிய படலம் உண்டாகிறது. செம்புக் கம்பியோடு அதை நேரே முறுக்கினால், மலையின் பனி ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு, வெண்மையான பொடி பூக்கும். மோட்டாரின் அதிர்ச்சி இரண்டாவது. கிணற்று மேட்டு மோட்டார் இருக்கும் அதே மெல்லிய சுவரில் பலகையை மாட்டுவதால், இடைவிடாத நடுக்கம் திருகுகளைச் சிறிது சிறிதாகக் கழற்றுகிறது. பாரமிகுதி மூன்றாவது. விவசாயத்துக்கு மூன்று பேஸ் மின்சாரம் முறை வைத்துக் குறித்த நேரங்களுக்கே வருவதால், எல்லா மோட்டார்களும் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. லைனின் கடைசியில் வோல்ட் தாழ்கிறது. தாழ்ந்த வோல்ட்டில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கிறது. மற்ற நேரங்களில் கண்டென்சர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. இதனால் அவ்விரு பேஸ் கம்பிகளும் டெர்மினல்களும் படும் பாடு கொஞ்சமன்று.

கண், மூக்கு, செவி

வயர்மேன் வருமுன் நிலத்துக்காரர் தாமே அறியத் தக்கவை பல உள. இவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. எதையும் திறக்கவோ தொடவோ வேண்டியதுமில்லை.

மோட்டார் ஓடும்போது பெட்டியருகே நின்று கேட்டால், நல்ல பிரேக்கரில் சத்தமே இராது. சிடுசிடு என்று எண்ணெய்யில் கடுகு வெடிப்பது போன்ற ஓசையோ, விட்டு விட்டு ரீங்காரமோ கேட்டால் உள்ளே பொறி பறக்கிறது என்று நிச்சயிக்கலாம். பிரேக்கரின் உடல் செய்யப்பட்ட பிளாஸ்டிக் வெந்தால் கருவாடு போன்ற ஒரு நாற்றம் உண்டாகும். கம்பியின் மேலுறை வெந்தால் மூக்கை அரிக்கும் காரப் புகை எழும். கொட்டகையில் இந்நாற்றம் ஒரு முறை வந்து மறைந்தாலும் அலட்சியம் செய்யலாகாது. பெட்டியின் வெளிப்புறம் மஞ்சளித்தோ கறுத்தோ இருத்தல், ஓரிடத்தில் மட்டும் உப்பியிருத்தல், கொட்டகை விளக்கு மோட்டார் தொடங்கும்போது மாத்திரமன்றி ஓடும்போதும் மினுக்கு மினுக்கென்று துடித்தல் ஆகியவையும் அடையாளங்களே.

பெட்டிக் கதவு கண்ணாடியாகவோ, அல்லது வயர்மேன் துண்டித்துத் திறந்த பிறகோ கம்பிகளைப் பார்க்க நேர்ந்தால், கருகல் எங்கே உள்ளது என்பதைக் கவனிப்பதே நோய் நாடும் முறையில் தலையாயது. டெர்மினலை ஒட்டி மிகக் கறுத்து, விலக விலக நிறம் தெளிந்து வந்தால் குற்றம் இணைப்பில். கம்பி நெடுகிலும் உறை ஒரே சீராகக் காய்ந்து, வளைத்தால் நொறுங்கும்படி இருந்தால், கம்பி பாரத்துக்குப் போதாத சிறிய அளவினது, அல்லது பாரம் மிகுந்தது. நடுவில் ஓரிடத்தில் மாத்திரம் காயம் இருந்தால் எலிப் பல், ஆணி, தகட்டு விளிம்பு ஆகியவற்றில் ஒன்று. மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றும் ஒத்துக் கெட்டிருந்தால் தாழ்ந்த வோல்ட்டையும் பாரத்தையும் சந்தேகிக்க வேண்டும். செம்பு முனை ஊதா படர்ந்த செந்நிறமாகவும், திருகு நீலம் பாய்ந்தும் இருப்பது கடுஞ்சூடு பட்டதன் சாட்சி. இவ்விதம் பார்க்கத் தெரிந்த குடியானவர், வயர்மேன் அவசரத்தில் திருகை முறுக்கிவிட்டு நடையைக் கட்டும்போது தடுத்துக் கேட்க வல்லவராவார்.

டெஸ்டர் சொல்லும் பொய்

கிராமங்களில் ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு டெஸ்டர் இருக்கிறது. மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், டெஸ்டரை மூன்று முனைகளிலும் வைத்துப் பார்த்து, “மூன்று பேஸும் இருக்கிறது, மோட்டார்தான் போய்விட்டது” என்று தீர்ப்புக் கூறுகிறார்கள். இத்தீர்ப்பு பல தடவை தவறானது. டெஸ்டரில் உள்ள சிறு நியான் விளக்கு எரிய ஒரு மில்லி ஆம்பியரில் ஒரு பகுதியே போதும். கம்பியின் பத்து இழைகளில் ஒன்பது அறுந்து, ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அது பிரகாசமாக எரியும். அதே கம்பி மோட்டாரின் 11 ஆம்பியரைத் தாங்க மாட்டாது. ஊற்று வற்றிய கிணற்றிலும் ஒரு செம்பு நீர் மொள்ளலாம். அதைக் கண்டு ஓர் ஏக்கர் நடவு செய்பவர் உண்டா?

இதனினும் மோசமான மயக்கம் ஒன்றுண்டு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் அறுந்தால், மோட்டார் உடனே நிற்பதில்லை. மற்ற இரண்டு பேஸில் முனகிக்கொண்டே சுற்றும். அவ்விரண்டிலும் ஆம்பியர் ஒன்றே முக்கால் மடங்கு அளவுக்கு ஏறும். அப்போது மோட்டாரே அறுந்த பேஸின் பக்கம் ஓரளவு வோல்ட்டைத் திருப்பி அனுப்புவதால், பலகையில் சிவப்பு, மஞ்சள், நீல விளக்குகள் மூன்றும் எரிவதாகவே தோன்றும். விளக்கை நம்பியிருந்தவர் காயில் கருகிய பின்பே அறிவார். ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோட் ரிலே மோட்டாரின் ஆம்பியருக்குச் சரியாக வைக்கப்பட்டிருந்தால் அது சில நிமிஷங்களில் துண்டித்து மோட்டாரைக் காக்கும். “அடிக்கடி விழுகிறது” என்று அதைக் கடைசிவரை திருகி வைத்திருப்பவரின் மோட்டாருக்கு அந்தக் காப்பும் இல்லை.

நிற்க. மோட்டார் உறுமினால் முதலில் செய்ய வேண்டியது, உடனே நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கிணற்றுக்காரரை விசாரிப்பதே. அவருக்கும் அவ்வாறே இருந்தால் குற்றம் டிரான்ஸ்பார்மரிலோ லைனிலோ உள்ளது. அவருக்குச் சரியாக ஓடினால் குற்றம் தம் சர்வீஸ் கம்பத்துக்கு இப்பால் உள்ளது. கால் நடைக்குள் பாதி ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

வயர்மேன் செய்ய வேண்டிய சோதனைகள்

இவை நிலத்துக்காரர் செய்வதற்கல்ல. செய்யச் சொல்லி, செய்தாரா என்று பார்ப்பதற்காகவே இங்குக் கூறப்படுகின்றன.

டாங் டெஸ்டர் என்னும் கொடிறு போன்ற கருவியைக் கம்பியைச் சுற்றிப் பிடித்தால், அறுக்காமலும் உறையை நீக்காமலும் ஓடும் ஆம்பியரை அறியலாம். மோட்டார் ஓடும்போது மூன்று கம்பிகளிலும் இதை வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஏறத்தாழ ஒத்திருந்தால் நன்று. ஒன்று குறைந்தும் மற்றவை மிகுந்தும் இருந்தால் கோளாறு உண்டு. ஆனால் அது வரும் கம்பியிலா மோட்டாரிலா என்பது இதனால் மட்டும் தெரியாது. அதைப் பிரித்தறிய ஓர் எளிய உபாயம் உள்ளது. மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டாருக்குச் செல்லும் மூன்று முனைகளையும் ஒவ்வொரு இடம் தள்ளி மாற்றிப் பூட்டினால், சுற்றும் திசை மாறாது. மீண்டும் ஓட்டிப் பார்க்கையில், குறைந்த ஆம்பியர் அதே பேஸில் நின்றால் குற்றம் மெயின் பக்கத்தில். மோட்டார் முனையோடு இடம் மாறினால் குற்றம் மோட்டாரிலோ அதன் கேபிளிலோ. ஒரு மணி நேரத்தில் முடியும் இச்சோதனை, காரணமின்றிக் காயில் கட்டும் செலவைத் தடுக்கும். ஆழ்குழாய் மோட்டாரை மேலே தூக்குவதற்கு ஆகும் கூலியை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

குற்றம் மெயின் பக்கம் என்று தெரிந்த பின், அது எந்த அங்குலத்தில் என்பது அடுத்த கேள்வி. மோட்டார் ஓடும்போதே, வோல்ட் மீட்டரின் இரு முனைகளையும் ஒரே பேஸின் இரண்டு இடங்களில், அதாவது பிரேக்கரில் நுழையும் டெர்மினலிலும் வெளிவரும் டெர்மினலிலும் வைத்தால், நல்ல முனையில் மீட்டர் ஒரு வோல்ட்டில் சிறு பகுதிக்கு மேல் காட்டாது. இரண்டு மூன்று வோல்ட் காட்டினால் அங்கேதான் மின்சாரம் சூடாக மாறுகிறது. இவ்வாறே கம்பிக்கும் டெர்மினலுக்கும் இடையிலும், பிரேக்கருக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையிலும் படிப்படியாகப் பார்த்து வர வேண்டும். மூன்று பேஸ்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். பாரமில்லாதபோது எடுக்கும் வோல்ட் அளவு இதற்கு உதவாது; இணைப்பின் குற்றம் பாரம் ஓடும்போதுதான் வெளிப்படும். இச்சோதனை உயிருள்ள டெர்மினல்களின் மேல் செய்வதாகையால், ரப்பர் கையுறையும் காய்ந்த பலகையும் இன்றி, அனுபவமுள்ளவர் தவிர வேறெவரும் செய்யலாகாது.

கம்பியின் உறை உள்ளூற வெந்துள்ளதா என்பதை மெக்கர் கருவி காட்டும். சர்வீஸைத் துண்டித்து, மோட்டாரைக் கழற்றி வைத்து, 500 வோல்ட் மெக்கரால் கம்பிக்கும் கம்பிக்கும், கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே பார்த்தால், ஒரு மெகோமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் பார்ப்பது உசிதம். கோடையில் தேறிய கம்பி ஐப்பசி அடைமழையில் தோற்றுப்போவதுண்டு.

சீர்திருத்தம்

கருகிய டெர்மினலைக் கண்டவுடன் திருகை இறுக்கிவிட்டு ஓட்டுவது பெருவழக்காக இருக்கிறது. அது பயனற்றது. களிம்பேறிய உலோகத்தை எவ்வளவு இறுக்கினாலும் களிம்பையே இறுக்குகிறோம். கருகிய பகுதியை முற்றிலும் வெட்டியெறிந்து, பளபளக்கும் உலோகமும் மிருதுவான உறையும் தோன்றும் இடம்வரை பின்வாங்க வேண்டும். கம்பி நீளம் போதாவிட்டால் முழுக் கம்பியையும் மாற்ற வேண்டுமே தவிர, பெட்டிக்குள் முறுக்கி ஒட்டு நாடா சுற்றுவது கூடாது. துளையில் நுழையவில்லை என்று சில இழைகளை நறுக்கிவிடும் பழக்கமும் அப்படியே. முனைக்குத் தகுந்த லக் வைத்து, கருவியால் நசுக்கிப் பூட்ட வேண்டும். அலுமினியமும் செம்பும் கூடுமிடத்தில் இரட்டை உலோக லக் வேண்டும்.

டெர்மினல் வெந்த பிரேக்கரை உப்புத்தாள் தேய்த்து மீண்டும் உபயோகிக்கலாமா என்று கேட்கப்படுகிறது. கூடாது. சூடு பட்ட கவ்வியின் விறைப்புப் போய்விடும்; உள்ளிருக்கும் தகட்டின் அளவும் தவறிப்போகும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதிய பிரேக்கரை, மோட்டாருக்கும் கம்பிக்கும் ஏற்ற ஆம்பியரில் வாங்கிப் போட வேண்டும். அதன் விலை ஒரு முறை காயில் கட்டும் கூலியில் ஒரு பகுதிதான்.

இத்துடன் எர்த்தையும் பார்க்க வேண்டும். உறை வெந்த பேஸ் கம்பி இரும்புப் பெட்டியைத் தொட்டால், பெட்டியும் மோட்டாரும், சில சமயம் கிணற்றுக் குழாயும் மின்சாரம் ஏறி நிற்கும். எர்த் கம்பி அறுந்திருந்தால் பியூஸ் போகாது; பெட்டியைத் தொடுபவரே எர்த் ஆவார். தொட்டால் சுருக்கென்று எறும்பு கடித்தது போலிருப்பதை “லேசான ஷாக்” என்று சிரித்துவிட்டு ஈரக் காலோடு தொடர்ந்து ஓட்டுவோர், மறு நாள் அதே இடத்தில் விழலாம். சிறு கசிவையும் உணர்ந்து கண நேரத்தில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி இப்போது எங்கும் கிடைக்கிறது. மனிதர் உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியரில் விழக்கூடியதே தக்கது.

மின்சாரம் வந்தவுடன் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. மின்சாரம் நின்ற நேரத்தில் கேபிளையோ ஸ்டார்ட்டரையோ தொட்டுக்கொண்டிருக்கையில், முறை மாறி மின்சாரம் வந்தால் அது சொல்லிக்கொண்டு வராது. ஆட்டோவை நிறுத்தி, மெயினை இறக்கி, பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்டென்சர் உள்ள பலகையில், மெயினை இறக்கிய பிறகும் சிறிது நேரம் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். இரவு முறையில் மோட்டார் போடப் பெண்களையும் சிறுவர்களையும் அனுப்பும் வீடுகளில், பெட்டிக்கு முன் காய்ந்த மரப்பலகை ஒன்றும், நல்ல விளக்கும், கூரை ஒழுகாத மறைப்பும் இல்லாமலிருப்பது மன்னிக்கத் தக்கதன்று.

யாரையேனும் மின்சாரம் பற்றிக்கொண்டால், அவரைக் கையால் இழுக்கக் கூடாது. மெயினை இறக்கியும் விடுபடாவிட்டால், காய்ந்த மூங்கில் கழியால் கம்பியை விலக்க வேண்டும். மூச்சு இல்லையெனில் மார்பை அழுத்தி உயிர்ப்பூட்டும் முறையை உடனே தொடங்கி, 108 வண்டிக்குச் சொல்ல வேண்டும். மலையூர்களில் வண்டி வந்து சேரும்வரை அழுத்துவதை நிறுத்தலாகாது. பலகை தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மணலை வீச வேண்டும். வைக்கோலும் சாமைத் தாளும் மோட்டார் கொட்டகையில் இராவிட்டால் அந்தத் தீ பலகையோடு நின்றுவிடும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஊராட்சியாருக்கும் இதில் வேலை உண்டு. தாழத் தொங்கும் சர்வீஸ் கம்பிகள், மரக்கிளை உராயும் லைன்கள், மூடியற்ற பியூஸ் பெட்டிகள் ஆகியவற்றை ஊர்வாரியாகக் குறித்து, பிரிவு அலுவலகத்துக்கு எழுத்து மூலம் அனுப்ப வேண்டும். வாய்ச் சொல் மலையிறங்குவதற்குள் மறந்துபோகும். 2021 முதல் நடைபெறும் மின்னகம் என்னும் புகார் மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் எந்நேரமும் தெரிவிக்கலாம். சித்தேரியிலுள்ள ஊர்கள் சில சேர்ந்து, சான்று பெற்ற வயர்மேன் ஒருவரை ஆண்டுக்கு இரு தடவை ஒரே நாளில் வரவழைத்தால், மலையேறும் செலவு பங்காகிவிடும். சித்திரைக் கோடை மழை தொடங்குமுன் ஒரு முறையும், புரட்டாசிக் கடைசியில் ஒரு முறையும் அவர் வரட்டும். மெக்கரும் டாங் டெஸ்டரும் கொண்டு வரும்படி முன்னதாகவே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்டரோடு வந்து நிற்பார்.